அப்பாவிடம் இப்போது யாரும் தோலைக் காட்டிக் கேட்பதில்லை

கேட்கப்பட்டது இதுதான். ஆம்பூர் பக்கம் ஒரு தோல் கம்பெனியில் 24 வருடம் செலக்‌ஷன் டேபிளில், அதாவது தோலைத் தரம் பிரிக்கும் மேசையில், நின்றவர் உங்கள் அப்பா. போன வருடம் தோலைப் படம் பிடித்துத் தரம் பிரிக்கும் கேமரா மெஷின் வந்தது. அப்பாவை நிறுத்தவில்லை, சம்பளத்திலும் கை வைக்கவில்லை. சரக்கு அனுப்பும் டிஸ்பேட்சில் ஸ்கேனர் பிடித்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். "அலுப்பில்லாத வேலைதானே, சம்பளம் வருதுல்ல" என்று வீட்டில் எல்லோரும் ஆறுதல் சொல்கிறீர்கள். அவரோ பேச்சையே குறைத்துக்கொண்டார். ஒரு நாள் சாப்பிடும்போது, "அங்க இப்ப நான் யாருன்னே தெரியல" என்றாராம். இதற்கு என்ன அர்த்தம், வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

ராணிப்பேட்டைக்கும் ஆம்பூருக்கும் இடையில் தோல் கம்பெனிகளில் 31 வருடம் இருந்தவன் நான். பாதிக் காலம் செலக்‌ஷனில், மீதிக் காலம் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில். அதனால் உங்கள் அப்பா சொன்ன அந்த ஒரு வரி எனக்கு நன்றாகப் புரிகிறது. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அவர் என்ன வேலை செய்தார் என்பதைப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களுக்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. "தோல் பிரிக்கிற வேலை" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவோம். செலக்‌ஷன் டேபிள் பெரும்பாலும் வடக்குப் பார்த்த ஜன்னலோரம் இருக்கும். வடக்கு வெளிச்சத்தில்தான் நேர் வெயில் அதிகம் விழாது. காலையிலும் மாலையிலும் தோலின் நிறம் ஏமாற்றாது. இடுப்புயரத்துக்குத் தோல் அடுக்கி வைத்திருக்கும். ஒன்றை இழுத்து மேசை மேல் வீசுவார். அது விழுந்து விரிவதற்குள் கண் முதுகிலிருந்து வயிற்றுப் பக்கம் ஓடி முடிந்திருக்கும். உண்ணி கடித்த புள்ளி, முள்வேலி கிழித்த கோடு, அம்மைத் தழும்பு, உரித்தவன் கத்தி தவறிய வெட்டு, நரம்பு தெரிகிற இடம். அப்புறம் கை. மயிர் இருந்த முகப்புப் பக்கம் உள்ளே போகிற மாதிரி மடித்து, கட்டைவிரலால் லேசாக அழுத்துவார். சுருக்கம் மயிரிழை போல மெல்லிசாக விழுந்தால் நல்ல தோல். குழாய் குழாயாகப் புடைத்தால் உள்ளே இறுக்கம் இல்லை, ஷூவாகத் தைத்து நாலு நாள் நடந்தால் தொளதொளத்துவிடும். இத்தனையும் பார்த்து, மூலையில் சாக்பீஸால் ஒரு குறி. சில விநாடிதான் ஆகும்.

இதைத்தான் நம் ஆட்கள் "பதம் பார்க்கிறது" என்பார்கள். பாகு காய்ச்சுகிறவருக்கும் தறிக்குப் பாவு போடுகிறவருக்கும் அதே வார்த்தைதான். பதனிடுதல் என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதானே. பதம் என்பது தாளில் எழுதிக் கொடுக்க முடியாத அறிவு. 24 வருடம் விரல் நுனியில் சேர்ந்தது.

ஆனால் உங்கள் அப்பா இழந்தது அந்த அறிவை அல்ல. அது இன்றைக்கும் அவர் விரலில் இருக்கிறது. அப்புறம் எது போயிற்று? ஒரு நாளில் எத்தனை பேர் அவரிடம் வந்து கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். தோலை உருட்டிப் பதனிடும் டிரம் செக்‌ஷனிலிருந்து ஒருவர் ஈரத்தோலை எடுத்துக்கொண்டு, "மேஸ்திரி, இது இன்னா இப்டி வந்துகீது?" என்று வந்து நிற்பார். ஃபினிஷிங்கிலிருந்து ஒரு பையன் இரண்டு துண்டைத் தூக்கிக்கொண்டு வந்து, "அண்ணே, ரெண்டும் ஒரே லாட்டுல போவுமா?" என்பான். தோல் வாங்கும் பையர் வருகிற அன்றைக்கு முதலாளியே அந்த மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தி ஏதோ கேட்டுவிட்டுப் போவார். வேலையிடத்தில் நாம் யார் என்பதைச் சம்பளச் சீட்டோ பதவிப் பெயரோ முடிவு செய்வதில்லை. யார் நம்மிடம் வந்து என்ன கேட்கிறார்கள் என்பதுதான் முடிவு செய்கிறது. டிஸ்பேட்சில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஸ்கேனர் பீப் என்று கத்தினால் பெட்டி போகிறது. இத்தனை வருட அனுபவத்தில் எனக்குப் பிடிபட்டது இது ஒன்றுதான். இனி நான் எழுதுவதும் இதைச் சுற்றித்தான்.

இது நம் ஊர்க் கதை மட்டுமில்லை. 1980-களில் ஷோஷானா ஜுபாஃப் என்ற ஆய்வாளர் அமெரிக்கக் காகிதக் கூழ் ஆலைகளுக்குப் போய்த் தொழிலாளர்களிடம் பேசினார். கூழைக் கையில் எடுத்துத் தொட்டும் முகர்ந்தும் பதம் சொல்லிவந்தவர்களைக் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, திரையில் வரும் எண்களைப் பார்க்கச் சொன்ன காலம் அது. வேலை சுலபமானது, அழுக்கில்லை. ஆனாலும் எண்களை நம்ப முடியாமல், உண்மையில் அங்கே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்கத் தவித்தார்கள். அதைப் படித்தபோது எனக்குத் தோல் பதனிடும் நம் டேனரிகள்தான் ஞாபகம் வந்தன.

நம் வட்டாரத்தில் இந்தத் தொழில் ஒரே மாதிரி இருந்ததே கிடையாது. அப்பாவுக்கு முந்தின தலைமுறை ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுக் குழியில் வாரக்கணக்கில் ஊறவைத்தது. பாதி பதனிட்ட அந்தத் தோல்தான் கப்பலேறியது. 1970-களில் மத்திய அரசு அரைகுறைத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முடித்த தோலாகவும் ஷூவாகவும் அனுப்பு என்றது. பட்டைக்குப் பதில் குரோம் உப்பு வந்தது, குழிக்குப் பதில் டிரம் வந்தது, வாரங்கள் நாட்களாயின. பட்டைக் குழியில் கெட்டிக்காரராக இருந்த ஒருவருக்கு டிரம் முன்னால் கை ஓடவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அப்படி ஒரு பெரியவர் கேட் அருகே ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார். வாட்ச்மேன் வேலை. "குழித் தாத்தா" என்போம். அவரிடம் போய் ஒரு நாளாவது ஏதாவது கேட்டிருக்கலாம் என்று இப்போது மனசு அடித்துக்கொள்கிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

அப்புறம் 1996. ஆகஸ்ட் 28-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கழிவுநீரைச் சுத்திகரிக்க ஏற்பாடு செய்யாத டேனரிகள் நடக்கக் கூடாது, மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும் என்ற தீர்ப்பு. தோல் பதனிடும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுசாகவோ பாழ்பட்டது என்ற கணக்கு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. என் அம்மா பிறந்த ஊர் பாலாற்றங்கரை. அங்கே கிணற்றுத் தண்ணீரை மாடு முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். ஆகவே அந்தத் தீர்ப்பு தப்பென்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. ஆனால் நான் இருந்த கம்பெனி அப்போது சில மாதம் மூடிக்கிடந்தது. எனக்கு 27 வயது.

அந்த மாதங்களில் நான் செய்ததை யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. காலையில் வழக்கம்போல எழுந்து, குளித்து, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு ராணிப்பேட்டை முத்துக்கடைக்குப் போவேன். டீக்கடை ஓரம் நிற்பேன். எங்களைப் போல ஐந்தாறு பேர் நிற்பார்கள். ஷிப்ட் நேரம் தாண்டியதும் ஒவ்வொருவராகக் கலைவோம். டிபன் பாக்ஸை எங்கேயாவது மர நிழலில் உட்கார்ந்து காலி செய்துவிட்டு வீட்டுக்கு வருவேன். வீட்டில் தெரியும், ஆனால் கேட்கவில்லை. பணக்கஷ்டம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அதைவிடப் பெரிதாக, நேரம் என்பதே கலைந்துபோனது. செவ்வாயா புதனா என்று தெரியவில்லை.

பிற்பாடு பயிற்சி வேலைக்காகப் படித்தபோதுதான், ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஊரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். 1930 வாக்கில் அந்த ஊரின் துணி ஆலை மூடியது. ஏறக்குறைய ஊரே அந்த ஆலையை நம்பி இருந்தது. மரி யாகோடாவும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் போய்ப் பார்த்து 1933-இல் எழுதினார்கள். வேலை போன ஆண்கள் தெருவில் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்றுகூடக் கணக்கெடுத்தார்கள். கால் தேய்த்து, நின்று நின்று போனார்கள். பெண்களுக்கு வீட்டு வேலை இருந்ததால் அவர்கள் நடை அவ்வளவு தளரவில்லை. நூலகத்தில் பணம் கட்டாமலே புத்தகம் கிடைத்தது, நேரமோ கொட்டிக்கிடந்தது, இருந்தும் புத்தகம் எடுப்பது குறைந்தது. சம்பளம் தவிர வேலை நமக்குச் சத்தமில்லாமல் வேறு சில தருகிறது என்று யாகோடா பிற்பாடு விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே நாலு மனுஷர், பலர் சேர்ந்து செய்கிற ஒன்றில் ஒரு பங்கு, சமூகத்தில் ஒரு இடம், சும்மா இராமல் செய்ய ஏதோ ஒன்று. உங்கள் அப்பாவுக்கு முதலாவது இருக்கிறது, கடைசியும் இருக்கிறது. நடுவில் உள்ளவை போய்விட்டன. அதனால்தான் "சம்பளம் வருதுல்ல" என்ற ஆறுதல் அவரிடம் ஒட்டவில்லை. போனது அதுவாக இருந்தால்தானே ஒட்டும்?

இங்கே இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பழசெல்லாம் நல்லது என்று ஆகிவிடும். குடியாத்தம், பேர்ணாம்பட்டுப் பக்கம் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். மடியில் முறம், பக்கத்தில் இலை, தூள், நூல், கத்தரிக்கோல். ஆயிரம் எண்ணிக்கைக்கு இவ்வளவு கூலி. சாயங்காலம் கொண்டுபோனால் ஏஜென்ட் கையில் எடுத்துப் பார்த்து, கட்டிலிருந்து நாலைக் கழித்துவிடுவார். கழித்ததற்குக் கூலி கிடையாது, கேள்வியும் கிடையாது. அந்தத் தெருக்களிலிருந்துதான் இன்றைக்கு ஷூ கம்பெனி பஸ்ஸில் பெண்கள் விடியற்காலையில் ஏறிப் போகிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் லைன்களில் பெண்கள்தான் அதிகம்.

நான் பயிற்சி கொடுத்த ஒரு அம்மா, நாற்பதை நெருங்கியவர், பீடி சுற்றிக்கொண்டிருந்தவர். ஸ்கைவிங் மெஷினில் தோல் ஓரத்தைச் சீவி மெலிசாக்கக் கற்றுக்கொண்டார். ஓரம் தடித்தால் தையல் புடைக்கும், ரொம்பச் சீவினால் கிழியும். அங்கேயும் ஒரு பதம். மூன்றாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். லீவு நாள், ஆனாலும் கம்பெனி ஐடி கார்டு கழுத்தில் தொங்கியது. "இன்னைக்கும் கார்டாம்மா?" என்றேன். கார்டைத் திருப்பிக் காட்டினார். போட்டோவுக்குக் கீழே அவர் பெயர். "கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து இன்னாரு மருமவ, இன்னாரு அம்மான்னுதான் கூப்ட்டாங்க சார். லைன்ல மட்டுந்தான் எம்பேரச் சொல்லிக் கூப்டுறாங்க" என்றார். அவர் பேசும்போது கை கார்டின் பிளாஸ்டிக் உறையைத் தடவிக்கொண்டே இருந்தது.

அந்த வேலை சுகமானது என்று நான் சொல்லவில்லை. லைன் முடிவில் போர்டில் மணிக்கு மணி பீஸ் கணக்கு எழுதுவார்கள், குறைந்தால் சூப்பர்வைசர் வந்து நிற்பார், சம்பளம் கைக்கும் வாய்க்கும்தான் சரியாக இருக்கும். தோல் வேலை என்றாலே சாதியைச் சொல்லி ஒதுக்கிய காலத்தையும் நம் ஊர் பார்த்திருக்கிறது, அது முற்றிலும் போய்விட்டதாக நான் பொய் சொல்ல மாட்டேன். யூனிபார்மும் கார்டும் பலருக்கு அந்தப் பழைய பெயரிலிருந்து கொஞ்சம் மூச்சு விட இடம் கொடுத்தன. ஆகவே மாற்றம் என்பது ஒருவர் பெயரை எடுத்துக்கொள்கிறது, இன்னொருவருக்குப் பெயரைக் கொடுக்கிறது. ஒரே கம்பெனியில், ஒரே வருடத்தில் இரண்டும் நடக்கும். உங்கள் அப்பாவின் மேசை இருந்த இடத்தில் மெஷின் முன்னால் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அது முதல் கௌரவமான வேலையாக இருக்கலாம். அப்பா அந்தப் பிள்ளையின் மேல் கோபத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலையை இழந்து, வேறொன்றில் தன்னை மறுபடி கண்டெடுத்தவர் என்றால் எனக்கு நம் வேலூரில் முதலில் ஞாபகம் வருவது டாக்டர் மேரி வர்கீஸ். சி.எம்.சி ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்தவர். 1954-இல் வண்டி விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. பெண்கள் மருத்துவத்தில் போக நினைத்தவர், இனி எழுந்து நிற்கவே முடியாது. அப்போது அங்கே டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிப்போன கைகளை அறுவை சிகிச்சையால் சரிசெய்துகொண்டிருந்தார். கை ஆபரேஷனை உட்கார்ந்துகொண்டே செய்யலாமே என்று அந்த வழி திறந்தது. மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே ஆபரேஷன் செய்தார். பிற்பாடு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து சி.எம்.சி-யில் அந்தத் துறையை நடத்தினார். வேலூர் பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இந்தக் கதையை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்வார்கள். இருக்கட்டும். நான் கவனிப்பது வேறு. அவருக்கு யாரோ ஒரு இரக்க வேலை கொடுத்து ஓரமாக உட்காரவைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ரெஜிஸ்டர் எழுதும் வேலை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடைக்கும். அப்படிச் செய்யவில்லை. அவர் படித்த படிப்பு தேவைப்படுகிற இடத்தில் நாற்காலியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நோயாளிகள் வந்து அவரிடம் கையை நீட்டினார்கள். அதுதான் பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். உங்கள் அப்பாவுக்குக் கம்பெனி செய்தது இதற்கு நேர் எதிர். கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். வேலையை விட்டு அனுப்பவில்லையே என்று அவர்களே நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

சரி, செய்யக்கூடியவை.

கம்பெனியில் பேச முடியுமென்றால் அப்பாவே பேசட்டும், நீங்கள் போகாதீர்கள். பிள்ளைகள் போய்ப் பேசினால் அவருக்கு இன்னும் சிறுமையாக இருக்கும். என்ன கேட்கலாம் என்பதை மட்டும் வீட்டில் யோசித்து வைக்கலாம். கேமரா மெஷின் மேற்பரப்பில் உள்ள கீறலையும் தழும்பையும் நன்றாகவே பிடிக்கும். மடித்து அழுத்திப் பார்த்தால் தெரிகிற தொளதொளப்பு, கைக்கு மட்டும் தெரிகிற மெத்து, இதற்கெல்லாம் இன்னும் கை வேண்டும். மெஷின் இரண்டாம் தரம் என்கிறது, பையர் மூன்றாம் தரம் என்று திருப்பி அனுப்புகிறார். அந்தத் தகராறுத் தோலை யாராவது கையில் எடுத்துப் பார்த்துத்தானே ஆக வேண்டும்? வாரத்தில் இரண்டு நாள் மெஷின் பிரித்ததில் சிலதை எடுத்துச் சரிபார்க்கும் பொறுப்பைக் கேட்கலாம். இல்லையென்றால் புதுப் பிள்ளைகளுக்குத் தோல் தெரியவைக்கும் பொறுப்பு. நான் பயிற்சியில் இருந்தபோது என்னிடம் வந்த டிப்ளமா பிள்ளைகளுக்கு மெஷின் ஓட்டத் தெரியும், அம்மைத் தழும்பையும் உண்ணிக்கடியையும் பிரித்துச் சொல்லத் தெரியாது. டிஸ்பேட்ச் வேலையை விடாமலே இதைக் கேட்க முடியும். கம்பெனிக்குச் செலவும் இல்லை.

படிப்புச் சான்று இல்லாதவர்களுக்கு அனுபவத்தையே சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் ஏற்பாடு தோல் துறைத் திறன் கவுன்சில் மூலம் உண்டு. அந்தத் தாளுக்குச் சம்பளம் ஏறும் என்று நம்பச் சொல்லவில்லை. ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "இது ஏன் மூன்றாம் தரம்?" என்று உங்கள் அப்பாவிடம் கேட்பார். அவர் பதில் சொல்வார். அதற்காகவாவது போகலாம்.

கம்பெனி எதற்கும் இசையாமலும் போகலாம். அப்போது வெளியே பாருங்கள். ஆனால் "பொழுதுபோக்கு ஏதாவது வெச்சுக்கோங்கப்பா", "கோயில் குளம்னு போய்ட்டு வாங்க" என்று அனுப்பாதீர்கள். இவ்வளவு நாள் தேவைப்பட்ட மனிதரைப் பொழுதைப் போக்கச் சொல்வது, உன் பொழுதுக்கு இனி மதிப்பில்லை என்று சொல்வதைப் போலத்தான் காதில் விழும். என்னுடன் ஃபினிஷிங்கில் இருந்த ஒருவர் ஓய்வுபெற்ற பிறகு முதல் வருடம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போது எதிர்வீட்டுப் பையனின் ஷூவை வாங்கிப் பார்த்து, "இது தோலே இல்லடா, ரெக்சின்" என்றாராம். அடுத்த வாரம் தெருவில் ஷூ வாங்குகிறவர்கள் முதலில் அவரிடம் கொண்டுவந்து காட்டினார்கள். இப்போது பக்கத்துத் தெருவிலிருந்தும் வருகிறார்கள். ஒரு பைசா வாங்குவதில்லை.

இன்னொன்று, இதை லேசாக விட்டுவிடாதீர்கள். தூக்கம் கெட்டுப்போவது, சாப்பாடு இறங்காமல் இருப்பது, புதிதாகக் குடி, "நான் இருந்து என்ன ஆகப் போவுது" என்கிற மாதிரிப் பேச்சு. இவற்றில் ஏதாவது இருந்தால் நான் எழுதியதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு டாக்டரிடம் கூட்டிப்போங்கள். பாகாயத்தில் சி.எம்.சி-யின் மனநல மையம் இருக்கிறது. வீட்டு ஆட்களையும் சேர்த்துவைத்துச் சிகிச்சை கொடுக்கும் வழக்கம் அங்கே ரொம்ப காலமாக உண்டு. உடனே பேச 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

மற்றபடி இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் பையோ பெல்ட்டோ ஷூவோ, தோல் பொருள் எதுவாக இருந்தாலும் சரி, அதை எடுத்துக்கொண்டு அவரிடம் போய், கொடுத்த காசுக்கு இது தகுமா என்று கேளுங்கள். சும்மா அவரைச் சந்தோஷப்படுத்துவதற்காகக் கேட்காதீர்கள், அவருக்குத் தெரிந்துவிடும். உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றைக் கேளுங்கள். வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டில் எந்த ஜன்னல் பக்கம் போகிறார் என்று கவனியுங்கள். அப்புறம் அவர் சொல்வது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், போனை உள்ளே வைத்துவிட்டு உட்காருங்கள்.